கள்ளுக்கடை போயிற்று, கலகலப்பும் போக வேண்டுமா?

தென்காசியில் இருந்து செங்கோட்டைக்குப் போகும் பஸ்சில் ஏறுங்கள்.

வழியில் ஓர் இடத்தில் கண்டக்டர், "பார்டர் எல்லாம் இறங்கு!" என்று குரல் கொடுப்பார்.

இறங்கிப் பார்த்தால் அங்கே எல்லை எதுவும் இராது. புரோட்டாக் கடைகள் இருக்கும். மர அறுவை மில்கள் இருக்கும். குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வந்தவர்களின் கூட்டம் இருக்கும்.

அந்த இடத்தின் பெயர் பிரானூர். ஒரு காலத்தில் சென்னை ராஜ்யம் அங்கே முடிந்தது. திருவாங்கூர் சமஸ்தானம் அங்கே தொடங்கியது. 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. எல்லை, மலைப் பக்கமாகப் புளியரைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால், "பார்டர்" என்ற பெயர் மட்டும் நகரவில்லை!

கள்ளுக்கடையின் கதையும் இதுதான். கடை போய்விட்டது. பெயர் மட்டும் பெரியவர்களின் பேச்சில் நிற்கிறது.

தமிழ்நாட்டில் கள்ளுக்கடை கடைசியாக மூடப்பட்டது, 1987 ஜனவரி 1-ந் தேதி. அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது வயது ஆகப் போகிறது. இன்றைய பிள்ளைகள் கள்ளுக்கடையைச் சினிமாவில்தான் பார்த்து இருப்பார்கள்.

அந்தக் கடையைப் பற்றி இன்று ஏன் பேச வேண்டும்?

காரணம் இருக்கிறது. கடை போனது, ஆனால், குடி போகவில்லை. இது ஏன் என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடை எப்படி இருந்தது?

கள்ளுக்கடை என்றால் பெரிய கட்டிடம் அல்ல. ஊருக்கு வெளியே ஓர் ஓலைக் கொட்டகை. மண் தரை. உள்ளே வரிசையாகப் பானைகள். குடிப்பதற்குக் கலயம், அல்லது பனை ஓலையை மடித்துச் செய்த பட்டை.

பக்கத்தில் ஒரு கிழவி அவித்த கடலையோ, வறுத்த மீனோ வைத்துக்கொண்டு இருப்பாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆட்கள் வந்து சேருவார்கள். வயலில் உழுதவர் வருவார். வண்டி ஓட்டியவர் வருவார். மூட்டை சுமந்தவர் வருவார்.

"என்ன அண்ணாச்சி, மேற்கே மழை உண்டா?"

இப்படித்தான் பேச்சு தொடங்கும். மழை, விலைவாசி, மாட்டுச் சந்தை, கோவில் கொடை என்று அது நீளும். பாட்டும் உண்டு. சண்டையும் உண்டு.

பகல் எல்லாம் குனிந்து வேலை செய்தவன், நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேரிடம் பேசிய இடம் அது. இதை மறைப்பதில் பயன் இல்லை. கள்ளுக்கடைக்குப் போனவர்கள் கள்ளுக்காக மட்டும் போகவில்லை. பேச்சுத் துணைக்காகவும் போனார்கள்.

ஒரு விரல் சுண்ணாம்பு

தென்காசி வட்டாரத்தில் மலை அடிவாரத்தில் தென்னந்தோப்புகள். கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போனால் செம்மண் காட்டில் பனை மரங்கள். கள் என்பது இந்த மரங்களின் பால்தான்.

பனை ஏறுகிறவர் பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சொட்டுச் சொட்டாக இனிப்புச் சாறு இறங்கும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இருந்தால், அந்தச் சாறு பதநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம். காய்ச்சினால் கருப்பட்டி.

சுண்ணாம்பு தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றில் இருக்கும் சர்க்கரையைத் தின்னும். சில மணி நேரத்தில் அது நுரைத்துப் புளித்துவிடும். அதுதான் கள்.

மரம் ஒன்று. பாளை ஒன்று. ஏறுகிற ஆளும் ஒருவர்தான். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்!

சர்க்காருக்குப் பணம்

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் கடைகள் சர்க்காருக்குப் பெரிய வருமானம். 1886-ம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கு என்று ஒரு கலால் சட்டமே வந்தது. கள் இறக்கும் மரத்துக்கு வரி. கள் விற்கும் கடைக்கு ஏலம்.

அதிகப் பணம் கேட்டவருக்குக் கடை கிடைக்கும். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும் அல்லவா? அதற்கு, குடிப்பவன் இன்னும் குடிக்க வேண்டும். கையில் காசு இல்லாவிட்டால் கடன் சொல்லிக் குடிக்க வேண்டும்.

மரம் ஏறியவருக்குக் கிடைத்தது கூலி. மரத்தில் இருந்து விழுந்தால் அதுவும் இல்லை. லாபம் குத்தகைக்காரருக்கு. வரி சர்க்காருக்கு. கடன் குடித்தவன் வீட்டுக்கு!

கொட்டகைக்கு வெளியே

பழைய நினைவைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொட்டகைக்கு உள்ளே நடந்ததைத்தான் அவர்கள் சொல்வார்கள்.

கொட்டகைக்கு வெளியே யார் நின்றார்கள்?

கூலி நாள் அன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி நின்றாள். "அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று போகிறவர் வருகிறவரிடம் கேட்டுக்கொண்டு நின்றாள். அரிசி வாங்குவதற்குள் காசு தீர்ந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

கள்ளுக்கடையை நினைத்துப் பார்க்கும்போது, அவளையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவளை விட்டுவிட்டுச் சொல்லும் கதை பாதிக் கதை.

அதனால்தான் கடையை எதிர்த்த போராட்டத்தில் பெண்கள் முன்னால் நின்றார்கள். 1921-ல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில், பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கலந்துகொண்டார்கள். பெரியார் தம் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார்.

மூடினார்கள், திறந்தார்கள்!

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கலால் வருமானம் குறையும் அல்லவா? அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று கடையில் சாமான் வாங்கும்போது நாம் கட்டும் வரிக்கு மூத்த அண்ணன் அதுதான்.

போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாள் அன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

தென்காசிப் பக்கத்துக் கதை இங்கேதான் சுவையானது. மற்ற ஊர்க்காரனுக்கு அடுத்த ராஜ்யம் தூரத்தில் இருந்தது. தென்காசிக்காரனுக்கோ பிரானூரிலேயே இருந்தது! அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் வேறு சர்க்கார். வேறு சட்டம். 1956-ல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்த பிறகு அந்த எல்லை மலை ஏறியது. ஆரியங்காவு அந்தப் பக்கம் நின்றுவிட்டது.

பிறகு நடந்தது, கதவைத் திறந்து மூடிய கதை.

1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. கள்ளுக்கடை திறந்தது. 1973-ல் மூடியது. 1981-ல் மீண்டும் திறந்தது. 1987 பிறந்த அன்று மறுபடி மூடியது. இந்தக் கடைசிப் பூட்டு இன்றுவரை திறக்கவில்லை. 1990-ல் மலிவு விலை மது என்று ஒன்று வந்தது. 1991-ல் அதுவும் போயிற்று.

ஆனால், 1983-ல் சர்க்கார் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் நின்றது. முதலில் அது மொத்த வியாபாரம் மட்டும் செய்தது. 2003 நவம்பரில் இருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது.

என்ன மாறியது?

நன்றாகப் புளித்த கள்ளில், நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கு ஆல்ககால் இருக்கும். பிராந்தி பாட்டிலின் மேல் அச்சடித்து இருப்பதைப் பாருங்கள். நூற்றுக்கு 42.8 பங்கு!

சிறிய போதை போயிற்று. பெரிய போதை வந்தது. ஓலைக் கொட்டகை போயிற்று. கம்பி போட்ட ஜன்னல் வந்தது. பட்டை போயிற்று, கண்ணாடி பாட்டில் வந்தது.

பேச்சும் போயிற்று.

இன்று குடிப்பவன் ஜன்னலில் பணத்தை நீட்டுகிறான். பாட்டிலை இடுப்பில் சொருகுகிறான். ஓடைக் கரையிலோ, தோப்பிலோ, இருட்டிலோ தனியாக ஊற்றிக்கொள்கிறான். பாட்டிலை அங்கேயே உடைத்துவிட்டுப் போகிறான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள், பாறையில் வழுக்குமோ என்று மட்டுமா பயப்படுகிறார்கள்? காலில் கண்ணாடி குத்துமோ என்றும் பயப்படுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் பெண்ணின் நிலை மாறியதா?

தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம் பக்கம் தெருவில் நடந்து பாருங்கள். வாசல் திண்ணையில் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையை வெட்டி, தூளை வைத்து, நூலைக் கட்டி, ஆயிரம் எண்ணுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி இரவில் அந்த ஜன்னலுக்குப் போகிறது என்றால், அவள் வயிறு எரியாதா?

சாராயக் கடை இல்லை என்பதால் சாராயமும் இல்லை என்று ஆகிவிடவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் என்ற விஷம் அதில் கலந்து இருந்தது. மாண்டவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள்.

கள் வேண்டும் என்பவர்கள்

"42.8 பங்கு போதையைச் சர்க்காரே விற்கிறது. 5 பங்கு போதை உள்ள கள்ளை இறக்கினால் குற்றம் என்கிறது. இது என்ன நியாயம்?" என்று பனை ஏறுகிறவர்கள் கேட்கிறார்கள்.

"மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறதே. இப்போது அங்கே மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடக் குடும்பத்தோடு கூடப் போகிறார்களே" என்றும் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. மரம் ஏறுகிறவர் செய்வது உயிரைப் பணயம் வைக்கிற தொழில். சட்டம் அவர் கலயத்தை உடைக்கிறது. பாட்டிலை அலமாரியில் அடுக்கிவைக்கிறது. இது நேர்மையான காரியம் அல்ல.

ஆனாலும் நாம் ஒன்று கேட்கிறோம். இன்னொரு கடையைத் திறந்தால் இருக்கிற கடையை மூடிவிடுவார்களா? 1971-லும் 1981-லும் கள்ளுக்கடை தனியாக வரவில்லை. சாராயக் கடையும் கூடவே வந்தது. வாசலில் நிற்கும் பெண்ணுக்கு, உள்ளே இருப்பது கள்ளா பிராந்தியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. அரிசி வாங்கக் காசு மிஞ்சியதா என்பதுதான் அவள் கேள்வி.

2023 ஜூன் 22-ந் தேதி டாஸ்மாக் கடைகளில் 500 கடைகள் மூடப்பட்டன. அந்த வழியில் நடப்பதுதான் நியாயம். மேலும் மேலும் மூட வேண்டும். பனை ஏறுகிறவருக்கு அவர் பதநீரையும் கருப்பட்டியையும் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பனை நம் ராஜ்யத்தின் மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது. மரத்தைக் காப்பாற்றினால் போதுமா? ஏறுவதற்கு ஆள் வேண்டாமா? குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். அருவிக்குப் போகும் வழியில் பாட்டில் குளிர்பானம்தான் கண்ணில் படுகிறது. பதநீரும் நுங்கும் கிடைக்கும் காலத்தில் நாம் அதைக் கேட்டு வாங்கினால் என்ன? சுக்குக் கருப்பட்டி ஆண்டு முழுவதும் கிடைக்குமே!

மூடினால் மட்டும் போதாது

கடையை மூடினால் மட்டும் போதுமா? போதாது. 1948-ல் இருந்து மூடிப் பார்த்துவிட்டோம்.

இங்கிலாந்தில் மதுக்கடையைப் "பப்" என்கிறார்கள். "பொது வீடு" என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அங்கே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பப்கள் மூடப்படுகின்றன. மூடும்போது ஊர்க்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். பீர் வேறு இடத்தில் கிடைக்காது என்றா வருத்தம்? இல்லை. மாலையில் போய் உட்காரும் பொது வீடு போய்விட்டதே என்றுதான்.

நம் ஓலைக் கொட்டகையும் ஏழைக்கு ஒரு பொது வீடாக இருந்தது. அதை மூடியது சரி. அதன் இடத்தில் எதைத் திறந்தோம்?

ராஜாஜிக்கு இது தெரிந்து இருந்தது. சேலத்தில் கடையை மூடியதோடு அவர் ஆட்சி நின்றுவிடவில்லை. மாலை நேரத்தைக் கழிக்க விளையாட்டு, பஜனை, தேநீர்க் கடை என்று மாற்று ஏற்பாடுகளும் செய்தார்கள். வாயைக் கட்டு என்று மட்டும் சொல்லவில்லை; வேறு இடத்தில் வந்து உட்கார் என்றும் சொன்னார்கள்.

அதே ராஜாஜி விருந்தாளியாக வந்து தங்கிய ஊர் குற்றாலம். ரசிகமணி டி.கே.சி. இங்கேதான் வாழ்ந்தார். 1954-ல் மறையும் வரை அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராஜாஜி வந்தார். கல்கி வந்தார். பேர் தெரியாத இளைஞர்களும் வந்தார்கள். அதற்கு முன்பு நெல்லையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர்.

அங்கே என்ன நடந்தது? ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு மணிக் கணக்கில் பேசுவார்கள். சிரிப்பார்கள். சாப்பிடுவார்கள். நேரம் போவது தெரியாது. எழுந்து போகும்போது கால் தள்ளாடாது!

டி.கே.சி.யைப் போல ஒருவர் ஊருக்கு ஊர் கிடைக்க மாட்டார். ஆனால், வட்டம் போட்டு உட்கார ஒரு திண்ணை ஊருக்கு ஊர் கிடைக்கும் அல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

பல ஊர்களில் நூல் நிலையம், கூலிக்காரன் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டப்படுகிறது. கடை ஜன்னலோ இரவு வரை திறந்து இருக்கிறது! நூல் நிலையத்தை இரவு ஒன்பது மணி வரை திறக்க ஊராட்சி முயன்றால், அதற்கு ஆகும் செலவு ஒரு விளக்கும் ஓர் ஆள் சம்பளமும்தான்.

எழுதப் படிக்கப் புதிதாகக் கற்றவர் இருந்தால், அவரையே பத்திரிகையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்கட்டும். நாலு பேர் மறுத்துப் பேசட்டும். அதுதான் பழைய கொட்டகையின் கலகலப்பு. அதற்குக் கள் தேவை இல்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை முடிந்து வந்த மனிதன் வீட்டில் பேச ஆள் இல்லாமல் வெளியே போவதும் உண்டு. அவன் சொல்வதைக் கேளுங்கள். ஆண்களுக்கும் அதே வார்த்தைதான். பீடி சுற்றி முடித்து நிமிரும் மனைவிக்கும் பேச்சுத் துணை வேண்டும். அவளுக்கு எந்தக் காலத்திலும் கொட்டகை இருந்தது இல்லை!

எல்லை நகர்ந்த பிறகும் பிரானூர் "பார்டர்" என்றே பெயர் நிற்கிறது. அங்கே இப்போது எவரும் சோதனை போடுவது இல்லை. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

கள்ளுக்கடை இருந்த இடமும் அப்படி மாறட்டும். "இது பழைய கள்ளுக்கடை" என்று தாத்தா காட்டும் இடத்தில், பேரன் உட்கார்ந்து பத்திரிகை படிக்கட்டும்.